இறைவன் பார்ப்பதால்தான் எலக்ட்ரான் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பங்குகளில் இந்தத் தவக்காலத்தில் நடந்த தியானங்களில், அணுவையும் அதைவிடச் சிறிய துகள்களையும் ஆராயும் குவாண்டம் இயற்பியல் பலமாக அடிபட்டிருப்பது, இம்முறை வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. கடவுள் எங்கும் நிறைந்திருக்கிறார் என்பதை அறிவியலே மெய்ப்பித்துவிட்டது என்று ஒரு போதகர் பேசியிருக்கிறார். அதைக் கேட்டுப் பூரித்தவர்களும் எழுதியிருக்கிறார்கள், ஐயுற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: "எலக்ட்ரானை யாராவது பார்க்கும்வரை அதற்கு ஓரிடம் கிடையாது. அப்படியானால் மனிதரே தோன்றாத காலத்தில் உலகம் நிலைபெற்றிருந்ததற்குக் காரணம், இறைவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்" என்று தியானத்தில் கூறினார்கள். பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையா?
– ஓர் ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: இந்தக் கருத்து குவாண்டம் இயற்பியலிலிருந்து பிறந்ததே அன்று. அயர்லாந்தைச் சேர்ந்தவரும் பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆயரானவருமான ஜார்ஜ் பெர்க்லி, ஒரு பொருள் இருக்கிறது என்பதே அது ஒரு மனத்தால் உணரப்படுகிறது என்பதுதான் என்று 1710-ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். மனிதர் எவரும் காணாத பொருளை இறைவனின் மனம் தாங்குகிறது என்பது அவருடைய முடிவு. அந்த வாதத்துக்கு எலக்ட்ரான் தேவைப்படவில்லை. இப்போது அதற்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்.

இனி இயற்பியலுக்கு வருவோம். இரு மெல்லிய பிளவுகளின் வழியே செலுத்தித் திரையில் விழுவதைப் பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனையை நீங்கள் வகுப்பில் ஒளியைக் கொண்டு விளக்கியிருப்பீர்கள். அதற்கு நிகரான ஓர் அமைப்பின் வழியே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வுக்கூடத்தில் அகிரா தொனோமுராவும் அவருடைய குழுவினரும் 1989-இல் பதிவுசெய்த படங்கள் புகழ்பெற்றவை. ஒவ்வோர் எலக்ட்ரானும் திரையில் ஒரே ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. முதல் சில நூறு புள்ளிகளைப் பார்த்தால் மணலை அள்ளித் தெளித்ததுபோல் ஒழுங்கே தெரியாது. ஆயிரக்கணக்கில் சேரச்சேர, வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் எழுந்து நிற்கின்றன. தனித்தனியாக வந்த எலக்ட்ரான் ஒவ்வொன்றும் இரு வழிகளும் திறந்திருப்பதை அறிந்ததுபோல் நடந்துகொண்டாலொழிய இந்தப் பட்டைகள் தோன்ற வழியில்லை. ஆனால் எந்த வழியாகப் போயிற்று என்ற தடயம் எங்காவது பதிவாகிவிட்டால் பட்டைகள் மறைந்துவிடும்.

இந்தப் பதிவைத்தான் இயற்பியலார் பார்த்தல் என்றும் அளவிடுதல் என்றும் சொல்கிறார்கள். அதற்குக் கண்ணோ மனமோ வேண்டியதில்லை. வியன்னாவில் 2004-இல் செய்த ஒரு சோதனையில், 70 கார்பன் அணுக்களாலான மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். சூடேறிய மூலக்கூறுகள் தாமே உமிழ்ந்த வெப்பக் கதிர்கள், அவை சென்ற வழியின் தடயத்தைச் சுமந்து வெளியேறியதால், வெப்பம் ஏறஏறப் பட்டைகள் மங்கிக்கொண்டே வந்து மறைந்தன. அந்தக் கதிர்களை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. மனிதனின் உணர்வுக்கு இதில் பங்குண்டு என்று 1961-இல் எழுதிய இயற்பியலாளர் யூஜின் விக்னர்கூடப் பிற்காலத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

இப்போது போதகரின் வாதத்தை அதன் சொந்த முடிவுவரை கொண்டுசென்று பாருங்கள். இறைவன் எல்லாவற்றையும் எப்போதும் காண்கிறார் என்பது நம் விசுவாசம். அந்தக் காணுதலும் ஆய்வுக்கூடத்தில் நிகழும் பார்த்தலும் ஒன்றே என்றால், எந்த எலக்ட்ரான் எந்த வழியில் செல்கிறது என்பது ஒவ்வொரு கணமும் "பார்க்கப்பட்டு" முடிந்துபோயிருக்க வேண்டும். தொனோமுராவின் திரையில் ஒரு பட்டைகூடத் தோன்றியிருக்கக் கூடாது. பட்டைகள் தோன்றின. ஆகவே, ஒன்று இறைவன் அந்த ஆய்வுக்கூடத்தைப் பார்க்கவில்லை, அல்லது அவர் காணும் முறை ஒரு கருவி காணும் முறை அன்று. முதலாவதை எந்தக் கிறிஸ்தவரும் ஏற்கமாட்டார். இரண்டாவதையோ திருச்சபையின் மரபு பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறது: இறைவன் பொருள்களை வெளியிலிருந்து மோதியும் தொட்டும் அறிபவரல்லர், அவற்றுக்கு இருப்பை வழங்குபவர் என்பதாலேயே அவற்றை அறிகிறார். போதகரின் வாதம் இறைவனை மிகப் பெரிய ஓர் அளவைக் கருவியாக்கிவிடுகிறது. நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார், ஆனாலும் அது இறைவனைச் சிறுமைப்படுத்துவதுதான்.

கேள்வி: என் மகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். அவன் கடலில் இருக்கும் இரவுகளில் வீட்டில் செபமாலை சொல்வேன். பிரிந்த இரு துகள்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் ஒன்றை ஒன்று உடனே பாதிக்கும் என்றும், என் செபம் அவனைச் சேருவது அப்படித்தான் என்றும் தியானத்தில் கேட்டேன். ஆறுதலாக இருந்தது. சரிதானா, ஃபாதரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய், பாம்பன்

பதில்: அம்மா, உங்கள் ஆறுதலைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு இந்தத் துகள்களைவிட உறுதியான அடித்தளம் உண்டு என்று காட்டவே விரும்புகிறேன்.

நீங்கள் கேட்டது குவாண்டம் பின்னல் எனப்படும் நிகழ்வு. அது கற்பனையன்று. ஒன்றாகப் பிறந்த இரு ஒளித்துகள்களைப் பிரித்து அனுப்பி, இங்கே ஒன்றையும் அங்கே ஒன்றையும் அளந்தால், இரண்டு முடிவுகளும் எந்த முன்னேற்பாட்டாலும் விளக்கமுடியாத அளவுக்கு ஒத்துப்போகின்றன. அதைச் சோதிக்கும் வழியை 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் கணக்காக எழுதிக் காட்டினார். சோதித்துக் காட்டிய அலன் அஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2017-இல் சீனா ஒரு செயற்கைக்கோளின் உதவியால் 1,200 கி.மீ. இடைவெளியிலும் இது நிகழ்வதைக் காட்டியது.

ஆனால் தியானத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தப் பின்னலைக் கொண்டு இங்கிருந்து அங்கே ஒரு செய்தியையோ ஆற்றலையோ அனுப்ப முடியாது. அது குவாண்டம் கோட்பாட்டிலேயே நிறுவப்பட்ட முடிவு. தனியே நின்று ஒரு முனையை மட்டும் பார்ப்பவருக்கு வெறும் தற்செயல் எண்கள்தான் தெரியும். பிறகு இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போதுதான் ஒற்றுமை புலப்படும். மேலும், காற்றின் ஒரு மூலக்கூறு மோதினாலே அந்தப் பின்னல் குலைந்துபோகக்கூடும். உங்கள் மகன்மீது நீங்கள் வைத்திருக்கும் அன்பு அவ்வளவு மெலிந்ததா?

குவாண்டம் இயற்பியல் உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே ஓர் உதவி செய்துகொண்டிருக்கிறது. படகிலுள்ள ஜிபிஎஸ் கருவிக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. சீசியம் அணுவுக்கே உரிய ஓர் அதிர்வை 9,19,26,31,770 முறை எண்ணினால் ஒரு நொடி. அவ்வளவு துல்லியமாக நேரம் கணக்கிடப்படுவதால்தான் கரை எங்கே, எல்லை எங்கே என்று அவன் தெரிந்துகொள்கிறான். செபத்தின் வேலை வேறு. உங்களிடமிருந்து அவனிடம் ஏதோ ஒன்று பாய்ந்து சென்றாக வேண்டும் என்று நினைத்தால், இறைவன் இரண்டு இடங்களிலும் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கடலின் கடைக்கோடிக்குப் போனாலும் அங்கும் உமது கை என்னைப் பற்றிக்கொள்ளும் என்று பாடுகிறது 139-ஆம் திருப்பாடல். ஏதென்சு நகரத்து அரயோப்பாகு மன்றத்தில் பவுலடியார், நாம் வாழ்வதும் இயங்குவதும் இருப்பதும் அவருக்குள்தான் என்றார். நீங்கள் யாரிடம் பேசுகிறீர்களோ அவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறார், அந்தப் படகிலும் இருக்கிறார். ஃபாதரிடம் தயங்காமல் கேளுங்கள். அவரும் இதையே சொல்வார்.

கேள்வி: "கடவுள் துகள்" கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், தொண்டி

பதில்: 2012 ஜூலை 4-இல் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் அறிவித்தது, அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளை. "கடவுள் துகள்" என்பது 1993-இல் வெளிவந்த ஒரு நூலின் தலைப்பால் பரவிய பட்டப்பெயர். அந்தத் துகளை முன்கூட்டிக் கணித்த பீட்டர் ஹிக்ஸுக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இறையியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: குவாண்டம் நிகழ்வுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை அல்ல என்று படித்தேன். இயற்கையின் விதிகளை மீறாமல் இறைவன் உலகில் செயல்படுவதற்கு இந்த இடைவெளி போதுமானது அல்லவா? இதை ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
– மறைக்கல்வி ஆசிரியர், மூக்கையூர்

பதில்: கேள்வி நல்ல கேள்வி, பெரியவர்கள் பலர் இதே வழியில் சென்றிருக்கிறார்கள். அமெரிக்க இயற்பியலாளரும் எப்பிஸ்கோப்பல் சபையின் குருவுமான வில்லியம் பொல்லார்ட் 1958-இல் இதை எழுதினார். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பணியாற்றிவந்த இறையியலாளர் ராபர்ட் ஜான் ரசல் இன்னும் நுட்பமாக அதை வளர்த்திருக்கிறார். எனவே இது தியானக் கூட்டத்தில் கிளம்பிய அவசரக் கருத்து அன்று.

உங்கள் ஊர்க் கடலிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 0.4 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு பொட்டாசியம்-40 என்னும் கதிரியக்க வகை. அதன் அரை ஆயுட்காலம், அதாவது அணுக்கருக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். ஒரு குடுவையில் ஒரு லிட்டர் நீரை மொண்டு வைத்தால், ஒவ்வொரு நொடியும் சுமார் பன்னிரண்டு அணுக்கருக்கள் அதற்குள் சிதைகின்றன. எந்தப் பன்னிரண்டு என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்த விதியும் இல்லை. அணுக்கருக்களுள் வயதானது இளையது என்ற வேறுபாடும் இல்லை. 400 கோடி ஆண்டு காத்திருந்த ஒன்று இந்த நொடியில் சிதையும், பக்கத்திலிருப்பது அப்படியே கிடக்கும். இயற்பியல் விடையளிக்காத அந்தத் தேர்வைச் செய்பவர் இறைவன் என்பதே பொல்லார்டின் வாதம்.

அந்த வாதத்தைப் பொய் என்று நிறுவ முடியாது. ஆனால் அதன்மீது விசுவாசத்தை ஏற்றிவைக்க எனக்கு மனமில்லை. தனித்தனித் தேர்வு யாருடையதாயினும், மொத்தக் கணக்கு அரை ஆயுட்காலத்திலிருந்து பிசகுவதே இல்லை. ஆகவே இறைவன் தேர்ந்தெடுக்கிறார் என்ற உலகமும் தேர்ந்தெடுக்கவில்லை என்ற உலகமும் ஆய்வாளரின் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ரசல் இதை ஒப்புக்கொள்கிறார். மேடையில் பேசுபவர்கள்தான் இதைச் சான்று என்று முழங்குகிறார்கள். இன்னொன்று, இந்த இடைவெளி உண்மையில் இருக்கிறதா என்பதே முடிந்த வழக்கு அன்று. 1952-இல் இயற்பியலாளர் டேவிட் போம் முன்வைத்த விளக்கத்தில் ஒவ்வொரு துகளுக்கும் தீர்மானமான பாதை உண்டு. தற்செயல் என்பது நம் அறியாமை மட்டுமே. 1957-இல் ஹியூ எவரெட் தந்த விளக்கத்திலோ சாத்தியங்கள் அனைத்துமே நிகழ்கின்றன. சோதனைகள் இவற்றுக்குள் இதுவரை தீர்ப்பு வழங்கவில்லை. நாளை போமின் பக்கம் தீர்ப்பானால் இறைவன் வெளியேற்றப்பட்டுவிடுவாரா?

ஜெர்மானிய இறையியலாளர் தீட்ரிக் போன்ஹோஃபர், நாசி ஆட்சி தம்மை அடைத்துவைத்திருந்த பெர்லின் சிறையிலிருந்து 1944 மே 29-இல் எழுதிய கடிதத்தில் இந்த ஆபத்தைத்தான் சுட்டினார். நம் அறிவின் ஓட்டைகளை அடைக்கும் பொருளாக இறைவனைப் பயன்படுத்தினால், அறிவு வளரவளர அவர் பின்வாங்கிக்கொண்டே போவார். நாம் அறியாதவற்றில் அல்ல, அறிந்தவற்றில் அவரைக் காண வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தது, குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஹைசன்பர்க்கின் மாணவர் வைட்செக்கர் இயற்பியலைப் பற்றி எழுதிய நூல் என்பதை நம் ஊர்களில் அதிகம் சொல்வதில்லை.

அப்படியானால் இறைவன் எங்கே செயல்படுகிறார்? புனித தாமஸ் அக்குவினாஸின் விடை எனக்குப் போதுமானதாக இருக்கிறது. காற்று வெளிச்சமாக இருப்பது கதிரவன் ஒளிரும்வரை மட்டுமே. அதுபோலப் படைப்பு ஒவ்வொன்றும் இருப்பில் நிற்பது இறைவன் அதற்கு இருப்பை ஈந்துகொண்டிருக்கும்வரை மட்டுமே என்கிறார் அவர். இதன்படி, சிதையும் அணுக்கருவில் எவ்வளவு நெருக்கமாக இறைவன் இருக்கிறாரோ அதே நெருக்கத்தில், விதி பிசகாமல் ஏறியிறங்கும் ஓதத்திலும் இருக்கிறார். ஓதத்தை நிலா, கதிரவன் ஆகியவற்றின் ஈர்ப்பைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம் என்பதால் அங்கே அவருக்கு இடம் குறைந்துவிடுவதில்லை. இறைவனின் செயலும் இயற்கையின் செயலும் ஒரே வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரு கூலியாட்கள் அல்லர். இதை ஏற்றுக்கொண்டால் குவாண்டம் இடைவெளியைத் தேடி அலைய வேண்டிய தேவையே எழாது.

கேள்வி: என் அத்தை குடும்பம் 1964 புயலில் தனுஷ்கோடியில் போய்விட்டது. இடிந்த அந்தக் கோயிலின் சுவரை இன்றும் சுற்றுலா வருபவர்கள் படமெடுத்துப் போகிறார்கள். ஒவ்வோர் அணுவிலும் கடவுள் இருக்கிறார் என்றால், அந்த இரவில் ஏறிவந்த கடலின் ஒவ்வோர் அணுவிலும் அவர் இருந்தாரா?
– முதியவர் ஒருவர், இராமேசுவரம்

பதில்: இருந்தார், ஐயா. இந்தப் பதிலைச் சொல்லாமல் நழுவினால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்தப் புயல் அந்தமான் கடலின் தென்பகுதியில் தாழ்வழுத்தமாக உருவாகி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் ஊரை எட்டும் முன்பே, அதிலிருந்தவர்களோடு கடலுக்குள் போயிற்று. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி, மேலே குளிர்ந்து, அந்த வெப்பத்தால் காற்றைச் சுழற்றும் அதே இயற்பியல்தான் வடகிழக்குப் பருவமழையையும் நமக்குக் கொண்டுவருகிறது. இறைவன் அந்த நீருக்கு இருப்பை வழங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கும், அந்தச் சாவுகளை அவர் விரும்பினார் என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

குவாண்டம் இடைவெளியில் இறைவனை அமர்த்துவோருக்கு இங்கே சிக்கல் இன்னும் முற்றுகிறது. வளிமண்டலத்தில் மிகச் சிறிய மாற்றமும் நாளடைவில் பெரிய விளைவாகப் பெருகும் என்பதை வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் காட்டினார். ஓர் அணுவைத் திருப்பினாலே புயலைத் திருப்பலாம் என்றால், திருப்பும் நெம்புகோலைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பாமல் இருந்தவர் என்ற பழியை அவர்மேல் சுமத்திவிடுகிறோம். கேம்பிரிட்ஜில் துகள் இயற்பியல் பேராசிரியராக இருந்து, 1979-இல் அந்தப் பதவியைத் துறந்து ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹோர்ன், குவாண்டம் துறையிலேயே வளர்ந்தவராக இருந்தும் இறைச்செயலை அங்கே பொருத்தத் தயங்கினார். மனிதருக்குச் சுதந்திரம் தந்ததுபோல இயற்கைக்கும் அதன் போக்கில் இயங்கும் உரிமையை இறைவன் தந்திருக்கிறார் என்பது அவருடைய விடை. அது அறிவுக்கு ஓரளவு ஒத்துவருகிறது. ஒரு குடும்பத்தையே இழந்தவரிடம் அதை விடை என்று நீட்ட எனக்குத் துணிவில்லை.

விவிலியமும் நீட்டவில்லை. யோபு கேட்ட கேள்விக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் விளக்கம் சொல்ல வந்த நண்பர்களைத்தான் ஆண்டவர் கடிந்துகொண்டார். 88-ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை தன் வழிபாட்டிலிருந்து நீக்கவில்லை. சிலுவையில் தொங்கியவர் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டதை நற்செய்தி மறைக்கவில்லை. உலகில் இறைவன் இருக்கிறார் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது, அந்தக் கூக்குரலுக்குள்ளும் இருக்கிறார் என்றே சொல்கிறோம். இயற்பியல் இதற்கு உதவவும் இல்லை, தடை சொல்லவும் இல்லை.

கேள்வி: ஒளி அலையாகவும் துகளாகவும் இருப்பதைப்போலக் கிறிஸ்து கடவுளாகவும் மனிதராகவும் இருக்கிறார் என்று ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?
– அன்பியப் பொறுப்பாளர், மண்டபம்

பதில்: ஓர் எல்லைவரை சொல்லலாம். முரண்போலத் தோன்றும் இரண்டையும் உண்மை எனப் பிடித்துக்கொள்ளும் துணிவு இரண்டு இடங்களிலும் தேவைப்பட்டது. ஆனால் ஒளி ஒரு சோதனையில் அலைக்குரிய இயல்பையும் இன்னொன்றில் துகளுக்குரிய இயல்பையும் காட்டுகிறது. கிறிஸ்து சில வேளைகளில் கடவுளாகவும் சில வேளைகளில் மனிதராகவும் தோன்றினார் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டால், 451-இல் கல்செதோன் பொதுச்சங்கம் மறுத்ததையே கற்பித்தவராவீர்கள். இரு இயல்புகளும் கலப்பின்றி, மாற்றமின்றி, பிளவின்றி, பிரிவின்றி எப்போதும் ஒரே ஆளில் இணைந்திருக்கின்றன என்பது அதன் அறிக்கை.

அறிவியலைச் சான்றாக இழுக்கும் ஆசை மேலிடத்திலும் இருந்ததுண்டு. பிரபஞ்சம் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931-இல் முன்வைத்தவர் ஜார்ஜ் லெமேத்ர் என்ற பெல்ஜிய நாட்டுக் குரு. 1951 நவம்பரில் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) அந்த ஆய்வுகளைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, லெமேத்ருக்கே அது உவப்பாக இல்லை. மறு ஆண்டு உரோமையில் கூடிய வானியலாளர்களிடம் திருத்தந்தை அந்தப் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு முதலில் இயற்பியலை இயற்பியலாகவே காட்டுங்கள். ஒரு தலைமுடியை அட்டைத் துளையின் குறுக்கே இழுத்து ஒட்டி, அறையை இருட்டாக்கி, சிவப்பு லேசர் ஒளியை அதன்மேல் அடித்தால், மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் இருட்டுக் கோடுகள் தெரியும். முடியின் இருபுறமும் சென்ற ஒளி அலையாக நடந்துகொண்டதற்கு அதுவே சான்று. லேசரை யார் கண்ணிலும் படாதபடி சுவரை நோக்கியே பிடிக்கச் சொல்லுங்கள்.